நிமிஷத்துக்கு ஒரு சாப்பாடு

சார், தப்பா எடுத்துக்காதீங்க. இப்பப் போன்ல பேசுனது உங்க வீட்டம்மாதானே? "சரி சரி, வை"ன்னு சொன்ன சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு. ஒட்டுக்கேக்கல சார். பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதை எங்க கொண்டுபோய் வைக்க?

ஐயோ, மறுபடி போன் அடிக்க வேணாம். நான் யாருக்கும் புத்தி சொல்ற ஆள் இல்ல. சும்மா கேட்டேன். ஏன்னா இந்தப் போன் பேசுற விஷயத்துக்காக நான் ஹைகோர்ட் வரைக்கும் போன ஆளு. இப்பவும் அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். மாட்டுத்தாவணியில இறங்கி ஒத்தக்கடை பஸ் பிடிக்கணும். பேப்பர்லகூட எம்பேரு வந்துச்சு. "சங்கிலி என்பவர்"னு. அந்த என்பவர் நான்தான்.

ஆமா சார், பேரே சங்கிலிதான். குலசாமி பேரு. ஜெயில் வாசல்ல பேரைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஏட்டுக்கு ஒரு சிரிப்பு வரும். "சங்கிலி வெளிய நிக்குது, சம்சாரம் உள்ள இருக்கா"ம்பாரு. ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுவாரு.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால 'பேச்சி மெஸ்'னு பாத்திருப்பீங்க. நம்ம கடைதான். முதலாளி நான். பேச்சி எங்க வீட்டம்மா பேரு. காய் வாங்குறது, சமைக்கிறது, பரிமாறுறது, கல்லாவுல உக்காருறது, இதெல்லாம் அவ பாத்துக்குவா. மத்தது பூராம் என் பொறுப்பு.

அவ எதுக்கு உள்ள போனான்னுதானே கேக்க வர்றீங்க? எல்லாரும் கேப்பாங்க. திருட்டு இல்ல, புரட்டு இல்ல. தண்ணித் தகராறு. எங்க தெருவுக்கு தண்ணி லாரி என்னைக்காவதுதான் வரும். அன்னைக்கு வந்த லாரியில ஒண்ணு ரெண்டு குடம் நிறைஞ்சதுமே ஒருத்தன் குழாயைப் போட்டு நேரா அவன் வீட்டுத் தொட்டிக்கு இழுத்துக்கிட்டான். பொம்பளைக பூராம் குடத்தோட நிக்கிறாங்க. பேச்சி ரெண்டு தரம் மரியாதையாத்தான் சொன்னா, "குழாயை எடுங்கண்ணே"ன்னு. அவன் திரும்பி ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தை இப்ப வேணாம், பக்கத்துல பிள்ளைகுட்டி இருக்கு. இவ கையில எவர்சில்வர் குடம் இருந்துச்சு. அவனுக்குத் தாடை எலும்பு விட்டுப்போச்சு.

கோவக்காரின்னு நெனச்சுராதீங்க. சாதுவான பொம்பளை. கை மட்டும் கொஞ்சம் வேகம்.

கோர்ட்ல எங்க வக்கீல் நல்லாத்தான் பேசுனாரு. "ஐயா, அது வெறுங்குடம், தெரியாமப் பட்டுருச்சு"ன்னாரு. ஜட்ஜ் இவளைப் பாத்து "அப்படித்தானாம்மா?"ன்னு கேட்டாரு. ஆமான்னு தலையாட்டிட்டு வந்திருக்கலாம்ல? "இல்லைங்கய்யா, நிறைஞ்ச குடம்தான். வெறுங்குடத்துல அடிச்சா அவனுக்கு எப்படி உறைக்கும்?"னு கேட்டுட்டா. எங்க வக்கீல் ஃபைலை மூடி வச்சிட்டாரு. ரெண்டு வருஷம் போட்டாங்க.

எந்த ஜெயில்னு கேக்காதீங்க சார், கேஸ் இன்னும் முடியல. வக்கீலம்மா யார்கிட்டயும் பேர் சொல்லக் கூடாதுன்னிருக்காங்க.

சரி, சமையல்தானே, நாமளே பாத்துக்குவோம்னு நான் அடுப்படிக்குள்ள இறங்குனேன். என்ன பெரிய வித்தை? பக்கத்துலயே இருந்து பாத்ததுதானே. முத வாரம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வாரம் டெப்போ டிரைவர் ஒருத்தர் கிண்ணத்தைத் தூக்கிப் பாத்துட்டு, "அண்ணே, இது ரசமா, இல்ல கை கழுவ வச்சிருக்கீங்களா?"ன்னாரு. நல்ல மனுசன்தான், பகடி பண்ற ஆளு. ஆனா மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. அவரு கூட வர்ற நாலு பேரும் வரல.

பேச்சிகிட்டக் கேக்கலாம்னா எப்படிக் கேக்க? மனு போட்டுப் போய்ப் பாக்கலாம். ஜெயில்ல பாக்கப் போறதை மனுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அதுக்கு ஒரு நாள் பூராம் கடையை அடைக்கணும். அங்க போனாலும் இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. நான் "சாம்பார் பொடிக்கு மல்லி எவ்வளவு?"ன்னு கத்துனா, பக்கத்துல ஒருத்தன் "ஜாமீன் கெடைச்சிருச்சு!"ன்னு கத்துவான். பேச்சி அதைக் கேட்டுட்டு எனக்கு ஜாமீன் கெடைச்சதா நெனச்சுக்குவா. "நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"ன்னு ஒருக்க பதறிப்போயிட்டா.

அதனால போன்தான். உள்ளயிருந்து அவங்கதான் நமக்கு அடிக்க முடியும், நாம அடிக்க முடியாது. முன்னாடி அது ரொம்ப சல்லிசா இருந்துச்சாம். இவ போன நேரத்துல ஏதோ ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. கைரேகை வச்சாத்தான் வேலை செய்யிற மிஷினு. நாம வெளியயிருந்து பணம் ஏத்தணும். ஒரு நிமிஷம் பேசுனா நம்ம கடையில ஒரு ஃபுல் மீல்ஸ் காசு போயிரும் சார். அப்பளம் பாயாசத்தோட.

அதுலயும் ஒரு கூத்து. போனை எடுத்த உடனே ஒரு பொம்பளை பேசும். "வணக்கம். இந்த அழைப்பு சிறைச்சாலையிலிருந்து வருகிறது. இது பதிவு செய்யப்படுகிறது"ன்னு தமிழ்ல ஒரு தரம், இங்கிலீஷ்ல ஒரு தரம், இந்தியில ஒரு தரம். இந்தியில யாருக்கு என்ன புரியும்? அதுக்கும் மீட்டர் ஓடும். முதல் கொஞ்ச நாளு நான் பதிலுக்கு "வணக்கம்மா, நல்லாருக்கீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பதிவு பண்ணுன குரல்னு எனக்கு எப்படித் தெரியும்? மரியாதையாப் பேசுற பொம்பளைக்கு மரியாதையாத்தானே பதில் சொல்லணும்.

அது முடிஞ்சு பேச்சி வருவா. "சொல்லுங்க, சீக்கிரம்"பா. நான் சொல்லுவேன். அவளும் வேகமாச் சொல்லுவா. "புளியைக் கரைச்சு ஊத்துங்க, பச்சை வாடை போகட்டும், கொதி வந்ததும் உப்பு..." டொக். கட். உப்பு போடணுமா, ஏற்கனவே போட்டிருக்கணுமா, போடவே கூடாதா? என்னத்தைன்னு நெனைக்க?

நான் ஒண்ணும் பொண்டாட்டி சொல்லித்தான் செய்யிற ஆளு இல்ல சார். சந்தேகம் வந்தா கேக்குறதுல என்ன இருக்கு? எனக்குச் சந்தேகம் தினம் வந்துச்சு, அவ்வளவுதான்.

ஜெயிலுக்கு வெளிய மனுவுக்குக் காத்திருக்க ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்க உக்காந்திருக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு, எல்லா வீட்லயும் இதே கதைதான்னு. ஒரு சின்னப் பிள்ளை, பாட்டி கூட வரும். அவங்கம்மா போன் பண்ணா அந்தப் பிள்ளை, "அம்மா, கட்டாயிரும், கட்டாயிரும்"னுதான் ஆரம்பிக்குமாம். அதையே சொல்லிக்கிட்டிருக்குமாம், கட்டாகுற வரைக்கும். வேற ஒண்ணுமே பேசாதாம்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஹெப்சிபா வக்கீலம்மா வந்தாங்க. சின்ன வயசு. ஸ்கூட்டியில வருவாங்க, வண்டியை விட பெருசா ஒரு பை தொங்கும். "எல்லாருக்கும் சேத்து ஒரே கேஸாப் போடலாம். ஒருத்தர் பேர்ல போட்டாப் போதும், தீர்ப்பு எல்லாருக்கும் சேரும். யாரு முன்னால வர்றீங்க?"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் அந்தக் கம்பெனியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டிருந்த கூட்டம் பூராம் செருப்பைத் தேட ஆரம்பிச்சிருச்சு. பயம் சார். வெளிய இவன் கேஸ் போட்டா, உள்ள இருக்குற அவளை யாராவது ஏதாவது பண்ணுனா?

நான் பயப்படல. வீட்ல போய் யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிச்சேன். அன்னைக்கு பேச்சி போன் பண்ணா. விஷயத்தைச் சொன்னேன். "போடுங்க. நான் உள்ள பாத்துக்குறேன்"னா. மறுநாள் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேக்கல, நானா எடுத்த முடிவு.

ஹைகோர்ட்னா சும்மாவா? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போவேன். பின்னால ஒரு பெஞ்சு இருக்கும், அதுல உக்காந்திருப்பேன். முக்கால்வாசி இங்கிலீஷ்லதான் ஓடும். வக்கீலம்மா திரும்பி என்னைப் பாத்தாத் தலையாட்டுவேன். கம்பெனி வக்கீல் திரும்பிப் பாத்தாலும் ஆட்டிருவேன், மரியாதைக்கு. அப்புறம் வக்கீலம்மா, "அண்ணே, அவருக்கு ஆட்டாதீங்க"ன்னாங்க.

ஒருநாள் அந்தக் கம்பெனி வக்கீல் ஒரு கட்டுக் காயிதத்தோட எந்திரிச்சாரு. நல்ல உயரம், தங்க ஃபிரேம் கண்ணாடி. "இந்த மனுதாரர் போன் பேசுறது அத்தியாவசியம்னு சொல்றாரு. என்ன அத்தியாவசியம்னு கோர்ட் பாக்கட்டும்"னு சொல்லிட்டு, நானும் பேச்சியும் பேசுனதைப் பூராம் எழுதி எடுத்துட்டு வந்ததைப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு. தமிழ்ல. அவரு தமிழ் கேக்கணுமே! "கத்ரிகாயைக் காம்பொடு வதக்கவும்." "அயிரமீன் மண்சட்டியில் உரசிக் களுவவும்." கோர்ட்டே சிரிக்குது. வாசல்ல நிக்கிற டவாலி சிரிக்கிறாரு. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக் குழம்பு ஹைகோர்ட்டுல கொதிக்குதுல்ல?

ஜட்ஜய்யா வயசானவரு. சிரிக்கல. "கொதி வந்ததும் உப்பு, அப்படின்னு நிக்குதே. அதுக்கப்புறம் என்ன?"ன்னு கேட்டாரு. கம்பெனி வக்கீல் புரட்டிப் பாத்துட்டு, "அத்தோடு அழைப்பு துண்டிக்கப்பட்டது"ன்னாரு. ஜட்ஜய்யா என்னைப் பாத்தாரு. எந்திரிச்சு நின்னேன். "அதான்யா எனக்கும் தெரியல. அன்னைக்கு ரெண்டு தரம் போட்டுட்டேன். யாரும் சாப்பிடல"ன்னேன். இந்தத் தடவை அவரும் சிரிச்சிட்டாரு.

அந்த வக்கீலுக்கு அது பிடிக்கல போல. இன்னொரு காயிதத்தை எடுத்தாரு. "இங்க பாருங்க, இந்த அழைப்புல கடைசி ரெண்டு நிமிஷம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசல. சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பேசாம இருக்குறதுக்கே காசு குடுக்க முடியுதுன்னா, கட்டணம் அதிகம்னு எப்படிச் சொல்ல முடியும்?"னு கேட்டாரு. நல்ல கேள்விதான். எனக்கே அப்ப நியாயமாத்தான் பட்டுச்சு.

ஹெப்சிபா வக்கீலம்மா எந்திரிச்சாங்க. சத்தமே போடல. "அதுக்கு முந்துன வரியையும் படிச்சிருங்க"ன்னாங்க. அவரு காயிதத்தைப் பாத்தாரு. படிக்கல. ஜட்ஜய்யா, "படிங்க"ன்னாரு.

படிச்சாரு. "அத்தை போயிருச்சு பேச்சி. காலையிலயே எடுத்துட்டோம்."

பேச்சியோட அம்மா சார். உடம்பு சரியில்லாம இருந்தாங்க, பேச்சியை லீவுல விடச் சொல்லி முன்னாடியே மனுக் குடுத்திருந்தோம், உத்தரவு வந்து சேரல. நெஞ்சு வலின்னு ராத்திரி சொன்னவங்க விடியிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. எடுத்துட்டு வந்து குளிச்சிட்டு நிக்கிறேன், இவ போன் அடிக்கிறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. "குழம்பு என்ன வச்சீங்க?"ன்னுதான் ஆரம்பிச்சா. எப்படிச் சொல்லணும்னு யோசிக்க நேரம் ஏது? மீட்டர் ஓடுது. சட்டுனு சொல்லிட்டேன். அவ அழல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நானும் போனைக் காதுல வச்சுக்கிட்டே நின்னேன். கட்டாயிருச்சு.

அந்தக் கம்பெனி வக்கீல் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு, பாவம், அவரு என்ன பண்ணுவாரு. எனக்குக் கண்ணுல தூசி விழுந்துருச்சு. அங்க ஃபேன் ரொம்பப் பெருசு சார்.

அதுக்கப்புறம் இழுத்துச்சு. கோடை லீவு விட்டாங்க, தசரா லீவு விட்டாங்க. தீர்ப்பு வர்றதுக்குள்ள பேச்சிக்கே நன்னடத்தைன்னு கொஞ்ச நாளைக் கழிச்சு விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து முதல் வேலையா அடுப்படியைப் பாத்தா. சட்டி எல்லாத்தையும் முகர்ந்து பாத்தா. அவ பாத்த பார்வை இருக்கே!

கம்பெனிக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மனுதாரர் சம்சாரம் வெளிய வந்தாச்சு, இனி இவருக்கு என்ன குறை? கேஸைத் தள்ளுபடி பண்ணுங்க"ன்னாங்க. தனியாவும் ஒரு ஆளு வந்து என்னைப் பாத்தான். "ஏன்ணே அலையிறீங்க? வாபஸ் வாங்கிருங்க. கடைக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கித் தர்றோம்"னான். நல்ல ஃப்ரிட்ஜ் சார், படம் காட்டுனான். கதவு ரெண்டு. எனக்கும் அலுப்பாத்தான் இருந்துச்சு. நம்ம வேலை முடிஞ்சிருச்சு, இனி என்னன்னு நெனச்சுக்கிட்டே பேச்சி பக்கம் திரும்புனேன். அவ காய் நறுக்கிக்கிட்டிருந்தா. நறுக்குறதை நிப்பாட்டிட்டு என்னைப் பாத்தா.

வாபஸ் வாங்க முடியாதுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நான் ஒரு தடவை முடிவெடுத்தா எடுத்ததுதான்.

ஜெயிச்சிட்டோம் சார். வெளிய என்ன காசோ உள்ளயும் அதே காசுதான் வாங்கணும், அந்த வணக்கம் சொல்ற பொம்பளை பேசுற நேரத்துக்கு மீட்டர் ஓடக் கூடாதுன்னு தீர்ப்பு. ஏற்கனவே வாங்குன காசைத் திருப்பிக் குடுக்குறதுதான் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு. அதுக்குத்தான் இன்னைக்கு வாய்தா. கொட்டகையில இனிப்பு குடுத்தாங்க. அந்தச் சின்னப் பிள்ளையோட பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இப்ப அந்தப் பிள்ளை அவங்கம்மாகிட்ட வாய்ப்பாடு ஒப்பிக்குதாம். அவங்கம்மா, "போதும்டி, கட் பண்ணுடி"ன்னு கெஞ்சுறாளாம்.

இதுல மாட்டிக்கிட்டது யாருன்னா நான்தான்.

எப்படின்னா, உள்ள இருக்குறவங்கள்ல பாதிப் பேருக்குப் போன் பண்ண ஆளே இல்ல சார். புருஷன் வேற கல்யாணம் பண்ணிட்டான், அண்ணன் தம்பி வாசலை மிதிக்காதேன்னுட்டான், இப்படி. காசு குறைஞ்சு என்ன பண்ண? யாருக்கு அடிக்க? ஜெயில்ல நம்பர் எழுதிக் குடுக்கணும், இன்னார் இன்ன உறவுன்னு. பேச்சி வெளிய வரும்போதே அத்தனை பேருக்கும் நம்ம நம்பரைக் குடுத்துட்டு வந்திருக்கா. உறவு அக்கான்னு எழுதிட்டாங்க. ஜெயில் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க, "ஏம்மா, ஒருத்திக்கு எத்தனை தங்கச்சி?"ன்னு. "எங்கம்மாவுக்குப் பிள்ளைப் பாசம் ஜாஸ்தி"ன்னுட்டா.

இப்பப் போன் ஓயிறதே இல்ல. காதுக்கும் தோளுக்கும் நடுவுல வச்சுக்கிட்டேதான் பரிமாறுறா. நான் ஒண்ணு கேட்டா, "இருங்க, லைன்ல ஆளு இருக்கு"ங்குறா. எம்பொண்டாட்டிகூடப் பேசணும்னு கேஸ் போட்டவன் நான். அந்தக் கேஸை ஜெயிச்சதுனால எனக்குத்தான் அவகூடப் பேச முடியல. இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போக? வக்கீலம்மாகிட்டச் சொன்னா, "அதுக்கு நீங்களும் உள்ளதான் போகணும்ணே"ங்குறாங்க.

போன மாசம் பேச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டா. போனை சார்ஜ்ல மறந்து வச்சிட்டுப் போயிட்டா. அடிச்சுச்சு. எடுத்தேன். வணக்கம்னு அந்தப் பொம்பளை ஆரம்பிச்சிச்சு, பொறுமையாக் கேட்டேன். அப்புறம் ஒரு கிழவி குரலு. வெள்ளைத்தாய்னு பேரு, ஆயுள் தண்டனை. பேச்சி சொல்லியிருக்கா. வருஷக்கணக்கா மனுப் பாக்க ஒருத்தரும் வந்ததில்ல. மத்தவங்க போன் பேசும்போது பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்குமாம். அன்னைக்குத்தான் முதல் தடவையா அதுவே பேசுது.

"பேசலாமா?"ன்னு கேட்டுச்சு.

"பேசுங்கம்மா."

"மெதுவாப் பேசணுமா, வேகமாப் பேசணுமா?"

"உங்க இஷ்டம்"னேன்.

"நீ யாருய்யா? அந்தப் பொண்ணு இல்லையா?"ன்னு கேட்டுச்சு. என்ன சொல்ல? மெஸ் முதலாளின்னு சொல்லவா, கேஸ் போட்ட மனுதாரர்னு சொல்லவா? "வீட்ல இருந்துதாம்மா பேசுறேன்"னேன்.

"வீட்ல இருந்தா?"ன்னுச்சு.

"ஆமா. வீட்ல இருந்துதான்."

அவ்வளவுதான் சார், கிழவி பிடிச்சிக்கிருச்சு. குரலே மாறிப்போச்சு. வாசல் தெளிச்சாச்சா, குடத்தை மூடி வச்சிருக்கா, வெளக்கு ஏத்தியாச்சான்னு ஒண்ணு ஒண்ணாக் கேக்குது. இல்லைன்னா ஏசுது. ஆம்பளை மட்டும் வீட்ல இருந்தா இப்படித்தான்னு அதுவே ஒரு முடிவுக்கு வந்துருச்சு. போனை வைக்கிறதுக்கு முன்னால, "வாசல்ல செருப்பெல்லாம் கண்டபடி கெடக்கும், எடுத்து ஓரமா வைய்யா, வர்றவங்க தடுக்கி விழுந்துறப் போறாங்க"ன்னுச்சு.

எனக்குக் கோவம்தான் சார். யாரு வீட்டை யாரு அதிகாரம் பண்றது? நம்ம வாசலைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?

லைன்லயே நிக்க வச்சிட்டு எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். கண்டபடிதான் கெடந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வச்சிட்டு வந்து, "வச்சிட்டேம்மா"ன்னேன்.